தேனைச் சோதிக்கிறோம், பெட்டியை யார் பார்ப்பது?

1991-92இல் தென்னிந்தியாவின் தேனீப் பெட்டிகளுக்குள் ஒரு கொள்ளைநோய் புகுந்தது. தாய் சாக் புரூட் என்னும் வைரஸ் நோய் அது. கேரளம், கன்னியாகுமரி, கர்நாடகம் என்று பரவி, பெட்டியில் வளர்க்கப்பட்டுவந்த இந்தியத் தேனீக் குடும்பங்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் அழித்துவிட்டது. மார்த்தாண்டத்தைச் சுற்றித் தலைமுறையாகப் பெட்டி வைத்துப் பிழைத்தவர்கள் வெறும் பெட்டிகளோடு நின்றார்கள். மாட்டுக்குக் கோமாரி வந்தால் கால்நடை மருத்துவர் வருவார், நெல்லில் புகையான் விழுந்தால் வேளாண்மை அலுவலர் வருவார் என்று எதிர்பார்க்கலாம். தேனீக்கு நோய் வந்தபோது அப்படி வரவேண்டியவர் யார் என்பதே தெளிவாக இல்லை. நோய் கண்ட தோப்பிலிருந்து பெட்டிகள் அடுத்த தோப்புக்குப் போவதைத் தடுக்கும் விதியும் கையில் இல்லை.

அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகளில் தேனைப் பற்றி நிறைய விதிகள் எழுதியிருக்கிறோம். ஈரப்பதம் இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு, மகரந்தம் இவ்வளவு என்று புட்டிக்குள் இருப்பதை அளக்கத் தெரிந்துகொண்டோம். புட்டிக்கு முந்திய இடமான பெட்டி மட்டும் ஏறக்குறைய 1991இல் இருந்த நிலையிலேயே இருக்கிறது. தேனீ வளர்ப்பில் முதலில் ஒழுங்குக்குள் வரவேண்டியது பெட்டியின் நடமாட்டம் என்பதும், அந்த ஒழுங்கு நம் ஊர்த் தேனீயின் குணத்துக்கும் பத்துப் பெட்டிக்காரரின் கணக்குக்கும் பொருந்த வேண்டும் என்பதுமே இக்கட்டுரையின் வாதம்.

ஓர் அளவு, ஒரு வசதி, ஓர் ஆபத்து

இந்தியத் தேனீயைப் பெட்டியில் வளர்க்கும் முறை பரவியதில் தமிழகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் இருந்த இயேசு சபைப் பாதிரியார் நியூட்டன், 1911 முதல் 1917 வரையிலான ஆண்டுகளில் இந்தியத் தேனீயின் சிறிய உடலுக்கும் சிறிய குடும்பத்துக்கும் ஏற்ற பெட்டியை வடிவமைத்துக் கிராமத்தாருக்குப் பயிற்சியும் தந்தார். நியூட்டன் பெட்டி என்ற பெயரில் அது இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 1920களில் ஒய்.எம்.சி.ஏ. அமைப்பின் கிராமப் புனரமைப்பு மையம் ஸ்பென்சர் ஹாட்ச் தலைமையில் மார்த்தாண்டத்தில் வேரூன்றியபோது, கோழி வளர்ப்போடு தேனீ வளர்ப்பும் வீட்டுத் தொழிலாகக் கற்றுத்தரப்பட்டது. 1937இல் அங்கே தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. 2023இல் மார்த்தாண்டம் தேனுக்குக் கிடைத்த புவிசார் குறியீடு இந்த நீண்ட கதையின் அண்மைய அத்தியாயம்.

அந்தப் பெட்டிக்குள் இருக்கும் அறிவு, அமெரிக்கப் பாதிரியார் லாங்ஸ்ட்ராத் 1851இல் உணர்ந்துகொண்ட ஓர் அளவிலிருந்து வருகிறது. அடைக்கும் சுவருக்கும், அடைக்கும் அடைக்கும் நடுவே ஒரு தேனீ தாராளமாகப் போய்வரும் அளவுக்கு மட்டும் இடம் விட்டால், தேனீக்கள் அதை மெழுகால் அடைக்காது. எனவே அடையை அறுக்காமல், சட்டத்தோடு தூக்கிப் பார்த்துத் திரும்ப வைக்கலாம். தேனைச் சுழற்றி எடுத்துவிட்டு வெற்று அடையைத் தேனீக்களுக்கே திருப்பிக் கொடுக்கலாம். ஒரு பெட்டியில் புழு குறைந்தால் இன்னொரு பெட்டியிலிருந்து ஓர் அடையை எடுத்து வைக்கலாம். ஒரே அளவில் பெட்டி செய்ததுதான் தேனீ வளர்ப்பின் முதல் தரநிலை. அதில்தான் தொழில் நிமிர்ந்தது.

ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. எந்த அடையும் எந்தப் பெட்டிக்கும் பொருந்தும் என்றால், எந்தப் பெட்டியின் நோயும் எந்தப் பெட்டிக்கும் போகும். மரப்பொந்தில் இருந்த கூட்டத்துக்கு இந்த வாய்ப்பு இல்லை. பொந்தும் பொந்தும் அடைகளை மாற்றிக்கொள்வதில்லை. ஜனவரியில் வண்டியேறி ரப்பர் தோட்டத்துக்குப் போய் மழைக்கு முன் திரும்புவதும் இல்லை.

நோய் போகும் வழி

தாய் சாக் புரூட் புழுவைத் தாக்கும் நோய். புழு முழு வளர்ச்சி அடைந்து, அறைக்குள் நீட்டிப் படுத்து, கூட்டுப்புழுவாக மாறும் தறுவாயில் இறந்துபோகும். தோல் மட்டும் பையாக நிற்க, உள்ளே நீர் கோத்திருக்கும். தலைப்பக்கம் மேலே வளைந்து படகின் முனைபோல் தெரியும். இடுக்கியால் எடுத்தால் பை அப்படியே வெளியே வரும். இதைக் கண்ணால் கண்டு சொல்ல ஆய்வகம் தேவையில்லை. பழகிய கண் போதும்.

செத்த புழுவை அப்புறப்படுத்தும் இளம் தேனீக்கள் வைரஸை வாங்கிக்கொள்கின்றன. அவற்றுக்கு வெளியே தெரியும்படி ஒன்றும் ஆவதில்லை. அவையே அடுத்த புழுக்களுக்கு உணவூட்டுகின்றன. புழு இல்லாத வீட்டில் தேனீக்கள் சோர்ந்து, கடைசியில் கூட்டைவிட்டே ஓடிப்போகின்றன. ஓடிய கூட்டம் இன்னொரு தோப்பில் போய் அமரும். காலியான பெட்டியில் மிச்சமிருக்கும் தேனைப் பக்கத்துக் குடும்பங்கள் வந்து கொள்ளையடிக்கும். இதற்கு மருந்து கிடையாது. ராணியைச் சில நாள் கூண்டில் அடைத்து முட்டையிடுவதை நிறுத்தி, புழுவே இல்லாத இடைவெளியை உண்டாக்கி, நோயின் சங்கிலியை அறுக்கப் பார்க்கலாம். நோய் கண்ட அடைகளை அழிக்கலாம். குடும்பத்தைப் பலமாக வைத்துக்கொள்ளலாம். எல்லாமே மேலாண்மை, குப்பியில் வருவது எதுவும் இல்லை.

மருந்தில்லாத நோயில் பரவலைத் தாமதப்படுத்துவது ஒன்றே மனிதர் கையில் இருக்கிறது. பரவலின் ஒரு பாதி காட்டுக் கூட்டங்களோடு பறந்துபோகிறது; அதை எந்த விதியும் மறிக்காது. மறுபாதி நம் வண்டியில், நம் கையால், நாம் காசு கொடுத்து வாங்கிய அடையில் போகிறது. விதிக்கு உட்படக்கூடியது அந்த மறுபாதிதான்.

மூன்று நாடுகள் செய்தது

நியூசிலாந்து 1998இல் அமெரிக்கன் ஃபவுல்புரூட் என்னும் பாக்டீரியா நோயை ஒழிக்கத் தனித் திட்டத்தைச் சட்டமாக்கியது. இந்த நோயின் வித்துகள் பல பத்தாண்டுகள் பழைய அடையிலும் மரத்திலும் உயிரோடு கிடக்கும். ஆகவே அங்கே பெட்டி வைப்பவர் பெட்டி இருக்கும் இடத்தைப் பதிவு செய்ய வேண்டும். ஆண்டுக்கொரு முறை பெட்டிகள் சோதிக்கப்பட வேண்டும். நோய் கண்ட குடும்பத்தை எரிக்க வேண்டும். ஆன்டிபயாடிக் கொடுத்து அறிகுறியை மறைப்பதற்கு அனுமதி இல்லை. கவனிக்க வேண்டியது, சோதிப்பவர் எப்போதும் அரசு அதிகாரியாக இருக்க வேண்டியதில்லை என்பது. நோயை அடையாளம் காணப் பயிற்சி பெற்று, உடன்படிக்கையில் கையெழுத்திட்ட வளர்ப்பாளர் தன் பெட்டியைத் தானே சோதித்து அறிக்கை தரலாம். விதி அவரைத் தொழிலறிந்தவராக நடத்துகிறது.

ஜெர்மனி இதே நோய்க்கு வேறு வழியைக் கையாள்கிறது. ஓரிடத்தில் நோய் உறுதியானால் சுற்றிலும் குறைந்தது ஒரு கிலோமீட்டர் ஆரத்துக்குத் தடைப் பகுதி அறிவிக்கப்படும். அதற்குள் இருக்கும் எந்தப் பெட்டியும் வெளியே போகக் கூடாது. வெளியிலிருந்து உள்ளே வரவும் கூடாது. தடைப் பகுதி இல்லாத நாளிலும், மாவட்ட எல்லை தாண்டிப் பெட்டி கொண்டுபோகிறவரிடம் அரசு கால்நடை மருத்துவர் தந்த நலச்சான்று இருக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் அனுபவம் தோல்வியில் முடிந்தது என்பதாலேயே நமக்கு அதிகம் உதவுகிறது. தேனீயின் ஒட்டுண்ணியான வரோவா உண்ணி நுழையாத பெரிய தேன் நாடாக அது ஒன்றுதான் எஞ்சியிருந்தது. 2022 ஜூனில் நியூகாசில் துறைமுகத்தில், இதற்கென்றே வைத்திருந்த காவல் பெட்டிகளில் உண்ணி தென்பட்டது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் முழுவதும் பெட்டிகளை நகர்த்தத் தடை வந்தது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அழிக்கப்பட்டன. உரியவர்களுக்கு இழப்பீடும் தரப்பட்டது. இடையில் பாதாம் தோட்டங்கள் பூத்தன. மகரந்தச் சேர்க்கைக்குப் பெட்டிகள் போய்த்தான் ஆக வேண்டும் என்ற நெருக்கடி வந்தது. 2023 செப்டம்பரில், ஒழிக்க முடியாது, இனி உண்ணியோடு வாழக் கற்க வேண்டியதுதான் என்று அறிவித்தார்கள்.

இத்தனை ஒழுங்கு இருந்தும் தோற்றார்கள் என்றால் பதிவேடு எதற்கு என்று கேட்கலாம். அவர்களுக்குக் கிடைத்தது ஓராண்டுக்கு மேலான அவகாசம். எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று தெரிந்ததால்தான் உண்ணி எங்கே போகிறது என்றும் தெரிந்தது. 1991இல் நமக்கு அந்த வரைபடம் இல்லை.

நம் விதிகள் புட்டியில் நிற்கின்றன

இந்தியாவில் தேன் பற்றிய கவனம் பெரும்பாலும் கலப்படம் பற்றியது. 2010இல் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் சோதித்த 12 தேன் மாதிரிகளில் 11இல் ஆன்டிபயாடிக் எச்சம் இருந்தது. அதே ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் இந்தியத் தேனை வாங்க மறுத்தது. மறு ஆண்டுதான் கதவு திறந்தது. 2020 டிசம்பரில் அதே மையம் 13 நிறுவனங்களின் 22 மாதிரிகளைச் சோதித்தபோது, எல்லாச் சோதனைகளிலும் தேறியவை ஐந்தே. கரும்பு, சோளச் சர்க்கரையைக் கண்டுபிடிக்கும் சோதனை வந்ததும், அதில் சிக்காத அரிசிப் பாகுக்குக் கலப்படக்காரர்கள் மாறிவிட்டார்கள். அதையும் பிடிக்கும் அணுக்காந்த ஒத்ததிர்வுச் சோதனை, 2020 ஆகஸ்டு முதல் அமெரிக்காவுக்குப் போகும் தேனுக்குக் கட்டாயமானது. உள்ளூர்க் கடைக்குப் போகும் தேனுக்கு அந்தக் கட்டாயம் வரவில்லை.

பெட்டிக்கு ஓர் அடையாளம் கொடுக்கும் முயற்சி என்றால் மதுகிராந்தி இணையதளத்தைச் சொல்லலாம். தேசியத் தேனீ வாரியம் 2021 ஏப்ரலில் தொடங்கிய இதில், தேன் எங்கிருந்து வந்தது என்று தடம் பிடிக்க, வளர்ப்பாளர்களும் வணிகர்களும் பதிகிறார்கள். ஐந்நூறு கோடி ரூபாயில் அறிவிக்கப்பட்ட தேசியத் தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கமும் இதை ஒட்டியே நடக்கிறது. நல்ல தொடக்கம்தான். ஆனால் மானியத்துக்காகப் பதிபவர் ஒருமுறை பதிவார். நோய்க்குத் தேவைப்படும் தகவல் வேறு: இந்த மாதம் பெட்டி எந்தத் தோட்டத்தில் இருக்கிறது, எங்கிருந்து வந்தது, கடைசியாகப் புழு அறையைத் திறந்து பார்த்தது எப்போது.

புட்டியை மட்டும் பார்க்கும் விதி சில நேரம் நேர்மையானவரையே இடறிவிடும். கன்னியாகுமரியின் முக்கியத் தேன் ரப்பரிலிருந்து வருகிறது. அதுவும் பூவிலிருந்து அல்ல. இலை உதிர்ந்து புதுத்தளிர் விடும் ஜனவரி முதல் மார்ச் வரை, மூன்று சிற்றிலைகள் சேரும் காம்பில் உள்ள சுரப்பிகளில் ஊறும் இனிப்பு அது. அங்கே மகரந்தம் இல்லை. ஆகவே தேனில் ரப்பர் மகரந்தத்தைத் தேடிப் பயனில்லை. மகரந்த எண்ணிக்கையை வைத்துத் தேனின் தரத்தைச் சொல்லும் சோதனை இத்தேனுக்குச் சரியான அளவுகோலும் அல்ல. ஈரப்பதமும் ரப்பர் தேனில் இயல்பாகவே கூடுதல். சர்வதேச உணவுத் தரமான கோடெக்ஸ் பொதுவாக விதிக்கும் உச்சவரம்பு 20 விழுக்காடு. அதற்கு இறங்கும்வரை தேனீக்கள் சிறகடித்து நீரை ஆற்றி அறையை மூட வேண்டும். வரத்து மும்முரமாக இருக்கும்போது மூடாத அடையையும் சுழற்றிவிடும் அவசரம் வரும். பழுக்காத தேன் புளிக்கும். பிறகு அதைச் சூடாக்கி நீரை வற்றவைப்பார்கள். சூடு ஏற ஏற ஹைட்ராக்சிமீதைல்பர்ஃபுரால் கூடும். அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. பெட்டியருகே செய்த ஒரு பிழை, ஆலையில் இன்னொரு பிழையாகித்தான் ஆய்வகத்துக்கு வருகிறது. முக்கால் பங்காவது மூடிய அடையை மட்டுமே எடுப்பது என்ற ஒரு பழக்கம் அந்தச் சோதனைகளைவிட மலிவு.

இரவல் விதிகளின் எல்லை

வெளிநாட்டு விதிகளை அப்படியே எடுத்துவர முடியாததற்கு முதல் காரணம் தேனீயே. அந்த விதிகள் எல்லாம் நாம் இத்தாலியத் தேனீ என்று சொல்லும் ஏபிஸ் மெல்லிஃபெராவை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அது 1962இல் காங்க்ரா பள்ளத்தாக்கின் நக்ரோட்டா பகவானில் இந்தியாவில் நிலைபெற்றது. இன்று வடக்கே கடுகுப் பூவுக்கும் லிச்சிப் பூவுக்கும் லாரியில் ஊர் ஊராகப் போவது அதுதான். ஓரிடத்தில் நிலைக்கும், தேனும் பல மடங்கு தரும். நம் ஏபிஸ் செரானா அப்படியல்ல. அடிக்கடி கூட்டம் பிரியும், பிடிக்காவிட்டால் பெட்டியைவிட்டு ஓடும். மரப்பொந்திலும் பெட்டியிலும் மாறி மாறி வாழும். பெட்டிக் குடும்பத்துக்கும் காட்டுக் கூட்டத்துக்கும் இடையே கோடு கிழிக்க முடியாது.

இரண்டாவது காரணம், எந்த நோயைக் கவனிக்க வேண்டும் என்ற பட்டியலே மெல்லிஃபெராவை வைத்துப் போடப்பட்டது. உலக விலங்கு நல அமைப்பின் பட்டியலில் ஆறு தேனீ நோய்களும் ஒட்டுண்ணிகளும் இருக்கின்றன. வரோவா, டிரோபிலேலாப்ஸ் ஆகிய உண்ணிகள், இரு ஃபவுல்புரூட் நோய்கள், அகாரபிஸ் உண்ணி, சிறு கூட்டுவண்டு. தென்னிந்தியத் தேனீ வளர்ப்பையே சாய்த்த தாய் சாக் புரூட் அதில் இல்லை. அதேபோல், மெல்லிஃபெரா குடும்பத்தை மருந்தில்லாமல் விட்டால் அழித்துவிடும் வரோவா, செரானாவின் பழைய ஒட்டுண்ணி. நம் தேனீ அதைக் கடித்தும் துலக்கியும் எறிந்து சமாளிக்கக் கற்றது. இரவல் பட்டியலை வைத்து விதி எழுதினால், பெரிய ஆபத்து விடுபட்டுப்போகும். இல்லாத ஆபத்துக்கு மருந்து வாங்கச் சொல்வோம்.

மூன்றாவது காரணம் அளவு. நூற்றுக்கணக்கில் பெட்டி வைத்திருப்பவருக்குப் படிவம் நிரப்புவது ஒரு செலவுக் கணக்கு. வீட்டுக் கொல்லையில் பத்துப் பெட்டி வைத்திருக்கும் பெண்ணுக்கு அது ஒரு நாள் கூலி. நோயைச் சொன்னால் பெட்டியை எரிப்பார்கள், சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது என்ற நிலை இருந்தால், யாரும் சொல்லமாட்டார்கள். ஆஸ்திரேலியாவில் இழப்பீடு இருந்ததால்தான் முப்பதாயிரம் பெட்டிகளை அழிக்க முடிந்தது. இழப்பீடு இல்லாத அறிவிப்புக் கடமை, நோயை மறைக்கச் சொல்லிக்கொடுக்கும் பாடமாகிவிடும்.

இங்கே என்ன வேண்டும்

முதலில், ஒரு பருவத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் எளிய இடப்பதிவு. கைப்பேசியில் தமிழில், கட்டணமின்றி. பெட்டி எண்ணிக்கை, இப்போதிருக்கும் ஊர், முன்பிருந்த ஊர்; இவ்வளவு போதும். ரப்பர் பருவத்துக்காகத் தோட்டம் மாறும்போது ஒரு பதிவு, திரும்பும்போது ஒரு பதிவு.

இரண்டாவது, புழு அறைச் சோதனை. ஆண்டில் இரண்டு முறை, அதில் ஒன்று கட்டாயம் இடம் மாற்றுவதற்கு முன். அதைச் செய்பவர் பயிற்சி பெற்ற உள்ளூர் வளர்ப்பாளராக இருக்கலாம். மார்த்தாண்டம் போன்ற ஊரில் அத்தகைய கண்கள் நிறைய இருக்கின்றன. கூட்டுறவுச் சங்கங்கள் அவர்களை ஒன்றுசேர்க்கும் அமைப்பாகவும் இருக்கின்றன.

மூன்றாவது, அடைகளைப் பற்றிய கட்டுப்பாடு. வேறு மாவட்டத்திலிருந்து பழைய அடை, பழைய பெட்டி, குடும்பம் வாங்கும்போது நலச்சான்று கேட்க வேண்டும். மானியத் திட்டங்களுக்கு மொத்தமாகக் குடும்பங்கள் வாங்கி விநியோகிக்கும் அரசுத் துறைகளும் இதற்கு உட்பட வேண்டும். நூறு பயனாளிகளுக்கு ஒரே நாளில் பெட்டி தரும் விழா, அவை எங்கிருந்து வந்தவை என்று கேட்காவிட்டால், நோய்க்கும் விழாதான்.

நான்காவது, தீனி விதி. மழை மாதங்களில் பூ இல்லாதபோது சர்க்கரைப் பாகு கொடுக்காமல் செரானாவைக் காப்பாற்ற முடியாது. அது கலப்படம் அல்ல, உயிர்த்தேவை. ஆனால் புழு அறைக்கு மேலே தேன் அறை வைத்த பிறகு பாகு கொடுத்தால் அது தேனுக்குள் போகும். தேன் அறை ஏறும் நாளில் தீனி நிற்க வேண்டும். புழு அறையிலிருந்து தேன் எடுக்கக் கூடாது. இந்த இரண்டும் எழுத்தில் வந்தால், கலப்படம் பற்றிய பாதிச் சச்சரவு பெட்டியருகிலேயே தீரும்.

ஐந்தாவது, பெட்டிக்கு வெளியே இருப்பவர்களின் கடமை. ரப்பர் தளிர்க்கும் அதே பருவத்தில்தான் சாம்பல் நோய்க்குக் கந்தகத்தூள் தூவுகிறார்கள். தூவும் நாளை முன்கூட்டிச் சொல்வது தோட்டத்தாரின் பொறுப்பாக வேண்டும். தேனீக்காரரை மட்டும் கட்டும் விதியை அவர் மதிக்கமாட்டார்.

இவை அனைத்துக்கும் அடியில் இழப்பீடு இருக்க வேண்டும். பதிந்தவர், சோதித்தவர், நோயைச் சொன்னவர் ஆகியோர் இழக்கும் குடும்பத்துக்கு ஈடாக நோயற்ற குடும்பம் ஒன்றைத் திருப்பித் தருவதே சரியான இழப்பீடு. பணம் கொடுத்தால் அவர் சந்தையில் எங்கிருந்தோ இன்னொரு நோய்ப் பெட்டியை வாங்கிவருவார்.

அந்த நோயற்ற குடும்பம் எங்கிருந்து வரும்? 1990களின் அனுபவம் அதற்கு விடை தருகிறது. நோய் கடந்துபோன பிறகு ஆங்காங்கே சில குடும்பங்கள் தாக்குப்பிடித்து நின்றன. அவற்றைத் தேடிப் பிடித்து, பிரித்துப் பெருக்கித்தான் தென்னிந்தியாவில் செரானா வளர்ப்பு மீண்டும் எழுந்தது. விஞ்ஞானிகளும் வளர்ப்பாளர்களும் அதைச் செய்தார்கள்; ஆனால் தேடல் பெரிதும் கேள்விப்பட்டதை வைத்தே நடக்க வேண்டியிருந்தது. பதிவேடு என்றதும் நோயாளியைப் பிடிக்கும் போலீஸ் வேலை என்று நினைக்கிறோம். அதன் பெரிய பயன் பிழைத்ததைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. எல்லாப் பெட்டியும் விழுந்த ஊரில் எந்தப் பெட்டி விழவில்லை என்று சொல்லக்கூடிய பதிவேடு, வெளியூரிலிருந்து வாங்கிவரும் எந்த ராணியையும்விட மதிப்புள்ளது.

தேன் பற்றிய விதிகளை வாங்குபவரின் நலனுக்காக எழுதினோம், அது தேவைதான். பெட்டி பற்றிய விதிகளை வளர்ப்பவரின் நலனுக்காக எழுத வேண்டும். ஒருவருடைய தேனீக்கள் வேலியைத் தாண்டிப் பறப்பதால் அவருடைய அலட்சியம் பக்கத்துத் தோட்டத்தின் நஷ்டமாகிறது. அவருடைய கவனமும் அதே வேலியைத் தாண்டி லாபமாகிறது. இதைத் தனியொருவர் விருப்பத்துக்கு விட்டால் என்ன நடக்கும் என்பதை 1991 காட்டிவிட்டது. வைரஸ் இன்னும் இருக்கிறது, அவ்வப்போது தலைகாட்டுகிறது. அடுத்த கொள்ளைநோய்க்கு முன் பதிவேடு தயாராக இருக்க வேண்டும். நோய் வந்தபின் தொடங்கும் கணக்கெடுப்பில் வெறும் பெட்டிகளை மட்டுமே எண்ண முடியும்.